வல்லுநர் தேர்வு: கோலார் தங்கவயல் தரும் சான்று

1880ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியின் முதலீடு சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் கரைந்தது. போதிய தங்கமோ கிட்டவில்லை. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நிர்வாகப் பொறுப்பேற்றிருந்த இலண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார், எஞ்சிய பணத்தை ஆய்வுக்கே செலவிடுமாறு கூறி, கேப்டன் பிளம்மரை அனுப்பினர். முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளை அவர் ஆராய்ந்தார். அவற்றைத் தொடர்ந்து ஆழத்தில் சென்றபோதே 'சாம்பியன்' தங்கப்படிவு தென்பட்டது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும்வரை தங்கவயலை வாழ்வித்தது பெரும்பாலும் அப்படிவே.

இன்று அங்குள்ள சிறுதொழில் முனைவோர் ஒருவர் எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி ஆலோசகரை நாடினாலும் அளவுகோல் இதுவே. 'முதலிடம் உறுதி' என்பாரை நம்பவேண்டாமென கூகுள் நிறுவனமே எச்சரித்துள்ளது. வாடிக்கையாளர் எச்சொற்களால் தேடுகின்றனர், வலைத்தளத்தின் எப்பக்கங்கள் தேடுபொறிக்கு எட்டவில்லை என்று முதலில் ஆராய்பவரே தக்கவர். முன்செய்த பணிக்குச் சான்றும் கேட்டல் வேண்டும். பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. அதுவரை கைப்பொருள் தாங்குமா என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளுதல் நலம்.