மென்பொருளுக்கு ஒரு குறிப்பேடு

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே கூடை தராசில் ஏறியவுடன் கொழுந்தின் நிறை பதியப்படுகிறது. பிறகு நினைவினின்று எழுதினால் முழுப்பேருக்கு உழைத்தவளுக்கும் அரைப்பேரே விழக்கூடும். உரிமைக்கும் ஏடு வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, பத்திரமில்லாத தோட்டக் குடும்பங்கள் பட்ட துயர் சிறிதன்று.

கணினித் துறைக்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றின் விவரங்களைத் திரட்ட இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். 2005இல் பாக்கிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது. எவரும் எடுத்துத் திருத்தலாம் என்பது அத்தகைய மென்பொருளின் சிறப்பு. ஆயின், ஆக்கியோர் அருகில் இல்லாத ஊரில் அதனை இயக்குவோருக்கு எழுதிவைத்த விளக்கமே துணை.

அவ்விளக்கத்தை எங்கே வைப்பது? மூல நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வைத்தல் வேண்டும். நிரல் மாறும் அன்றே விளக்கமும் மாறுதல் வேண்டும். விளக்கம் திருத்தாத நிரல் மாற்றத்தைப் பொறுப்பாளர் ஏற்கலாகாது. நிறுவும் முறை, பயன்படுத்தும் முறை, இவ்வாறு அமைத்ததற்கான காரணம் ஆகிய மூன்றும் தனித்தனியே இடம்பெறுக. ஒவ்வொன்றிலும் பதிப்பெண்ணும் திகதியும் இருக்கட்டும். புதியவர் ஒருவரைக்கொண்டு படிப்படியாகச் செய்துபார்க்கச் சொன்னால், விடுபட்டது எது என்பது தெரிந்துவிடும்.

மண்சரிவினால் பாதையும் தொலைத்தொடர்பும் அறுந்துபோகும் மலைநாட்டுக்கு இணையத்தில் மட்டும் உள்ள விளக்கம் போதாது. நேயர்களே, அச்சிட்ட தமிழ்ப் படியொன்று கணினியின் அருகே இருக்குமாயின், எழுதியவர் எட்டாத் தொலைவில் இருந்தாலும் நிவாரணப் பணி நில்லாது நடைபெறும்.