புகார்ப் புத்தகத்தை ஏஐயிடம் கட்டாகக் கொடுத்த கதை

(சென்ற பொதுக்கூட்டத்தில் சமூகக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் நான் கம்ப்யூட்டர் நிபுணன் என்பதல்ல. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், படித்தது பி.காம். கமிட்டிக்காக ஒரு வேலையை எடுத்துச் செய்து, பாதியில் தப்பு பண்ணி, அதைத் திருத்தினேன். அந்தத் தப்பைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம் சங்க அலுவலகத்தில் புகார்ப் புத்தகங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். எந்த பிளாக்கின் குழாய்களை முதலில் மாற்றுவது என்று முடிவெடுக்க, எந்த பிளாக்கில் கசிவுப் புகார் அதிகம் என்ற கணக்கு தேவைப்பட்டது. இளைஞர்கள் சிலர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்செலில் அடித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 3,940 பதிவுகள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், கொஞ்சம் இரண்டும் கலந்தது. ஒவ்வொன்றையும் படித்து கசிவு, லிஃப்ட், மின்சாரம், பார்க்கிங் என்று பிரிக்க வேண்டும்.

முதலில் சாட்ஜிபிடியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். நாற்பதிலேயே கை ஓய்ந்துவிட்டது. என் அக்கா மகன்தான், "மாமா, இதுக்கு ஏபிஐ இருக்கு, பேட்ச் போடுங்க" என்றான்.

வங்கிக்குப் போய் வருகிற உங்களுக்கு இது எளிதில் புரியும். ஆர்டிஜிஎஸ் என்றால் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, அப்போதே தீர்க்கப்படும். நெஃப்ட் என்றால் அரை மணிக்கு ஒரு கட்டாகச் சேர்த்துத் தீர்ப்பார்கள். ஏஐயோடு நாம் உரையாடுவது ஆர்டிஜிஎஸ் மாதிரி. பேட்ச் என்பது நெஃப்ட் மாதிரி. ஓபன்ஏஐ நிறுவனம் 2024 ஏப்ரலில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. கேள்விகளையெல்லாம் ஒரே கோப்பில், வரிக்கு ஒரு கேள்வியாக எழுதி ஏற்றிவிட வேண்டும். ஒரு கட்டில் 50,000 கேள்வி வரை போகலாம். 24 மணி நேரத்துக்குள் முடித்துத் தருவார்கள். அவசரம் இல்லை என்று நாம் சொல்வதால் கட்டணம் பாதி. 24 மணிக்குள் முடியாதவை காலாவதி என்று திரும்பும். முடிந்தவற்றுக்கு மட்டும் பணம்.

நான் ஏற்றிய முதல் கோப்பு சரிபார்ப்பிலேயே திரும்பி வந்துவிட்டது. யாரோ ஒருவர் புகாரில் 4 அங்குலக் குழாய் என்பதற்கு 4 போட்டு மேலே இரட்டைக் கோடு போட்டிருந்தார். இந்தக் கோப்பு முறையில் இரட்டைக் கோடு என்றால் வாசகம் முடிந்தது என்று பொருள். அந்த ஒரு வரிக்காக மொத்தக் கட்டும் நின்றது. எக்செலில் கையால் ஒட்டி வரிகளை உண்டாக்கியது என் தவறு. பிறகு அக்கா மகன் சிறிய புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தான், அது இதையெல்லாம் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் முறை வேலை ஏற்கப்பட்டது. நிலை என்ன என்று கேட்டால் "நடக்கிறது" என்று சொல்லும், எத்தனை முடிந்தது என்ற எண்ணும் தரும். காலையில் ஏற்றினேன், மாலை காபி குடித்துவிட்டுப் பார்த்தபோது முடிந்திருந்தது. விடைக் கோப்பை இறக்கி, விடைகளை எக்செலில் புகார்களுக்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டி, பிளாக் வாரியாகக் கூட்டி, கமிட்டிக்குக் கொடுத்துவிட்டேன். சி பிளாக் முதலிடம். எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வாரமே பி பிளாக்கில் இருந்து ஒரு அம்மா என்னை லிஃப்ட் வாசலில் நிறுத்தினார். "ஏங்க, பாத்ரூம் கூரை ஒழுகுதுன்னு நான் ஏழு தடவை எழுதிக் கொடுத்தேனே, உங்க லிஸ்ட்ல என் வீட்டுக்கு ஒண்ணுகூட இல்லையே?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவருடைய ஏழு புகாருக்கும் எதிரே பார்க்கிங், லிஃப்ட், நாய் என்று ஏதேதோ இருந்தது. விஷயம் இதுதான்: விடைகள் நாம் கேட்ட வரிசையிலேயே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு வரியிலும் கஸ்டம் ஐடி என்று ஓர் அடையாள எண் கேட்கிறார்கள். நானும் எண் கொடுத்திருந்தேன். ஆனால் பொருத்தும்போது அதைப் பார்க்கவில்லை. கிளியரிங்கில் இத்தனை வருடம் இருந்தவன், காசோலையை எண்ணைப் பார்த்துத்தான் டிக் அடிப்போம், கட்டில் எத்தனையாவது என்று பார்த்து அல்ல. அதை மறந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்ணை வைத்துப் பொருத்தியபோது இன்னொன்றும் தெரிந்தது. விடைகள் 3,909தான். மீதி 31 எங்கே? தோல்வியடைந்தவை பிழைக் கோப்பு என்று தனியாக வரும், நம் ரிட்டர்ன் மெமோ மாதிரி. அதை நான் திறக்கவே இல்லை. அனுப்பியது, வந்தது, திரும்பியது மூன்றையும் டேலி செய்யாமல் எந்தக் கட்டையும் மூடாதீர்கள். அந்த 31ஐ மறுபடி அனுப்பினேன், வந்துவிட்டன.

அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நூறு பதிவை எடுத்து நானே படித்துப் பார்த்தேன். "மேல் வீட்டுக்காரர் தண்ணி விடறார்" என்று எழுதியவற்றை எல்லாம் ஏஐ அண்டை வீட்டுத் தகராறு என்று போட்டிருந்தது! படிப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். நம் குடியிருப்பில் அதற்குக் கசிவு என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் கமிட்டியில் ஒருவர், "நம்முடைய புகார்களை வைத்து மாடலையே பழக்கிவிடலாமே, ஃபைன்-ட்யூனிங் என்கிறார்களே" என்றார். அதையும் விசாரித்தேன். கேள்வியும் சரியான விடையுமாக எடுத்துக்காட்டுகளை ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். அப்போது ஓபன்ஏஐ கேட்டது குறைந்தது 10, ஆனால் பலன் தெரிய ஐம்பது, நூறாவது வேண்டும் என்றார்கள். அதுவும் ஒரு வேலையாக வரிசையில் நின்று, ஓடி, முடிந்ததும் நமக்கென்று ஒரு புதிய மாடல் பெயர் வரும். பழக்கக் கட்டணம் தனியாக இருந்தது, பழகிய மாடலைப் பயன்படுத்தும் கட்டணமும் சாதாரண மாடலைவிட அதிகமாக இருந்தது. பயிற்சியில் சேர்க்காத சில எடுத்துக்காட்டுகளைத் தனியே வைத்துச் சோதிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மாதிரிக் கையெழுத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, வாடிக்கையாளர் சற்றே கை நடுங்கிப் போட்ட கையெழுத்தைத் திருப்பி அனுப்பும் புது குமாஸ்தா மாதிரி ஆகிவிடும்.

நமக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். புது குமாஸ்தாவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதும் என்றால், அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஏன் அனுப்ப வேண்டும்? கேள்விக்கு மேலே இருக்கும் குறிப்பில் நம் ஊர்ப் பேச்சில் மூன்று எடுத்துக்காட்டு சேர்த்தேன். மொத்தக் கட்டையும் மறுபடி ஓட்டினேன். வேறு நூறு எடுத்துப் பார்த்ததில் அந்தத் தவறு இல்லை.

செலவைக் கேட்கிறீர்கள். முன்பணமாக 5 டாலர் கட்டினேன். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் பிடிக்கும், ஆகவே கொஞ்சம் பயந்தேன். ஆனால் சிறிய மாடல், பாதி விலை என்பதால் ஒரு தடவை ஓட்ட ஒரு ஃபில்டர் காபி விலைகூட ஆகவில்லை.

அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது உங்கள் விவரங்கள். புகார்களில் போன் எண் இருக்கிறது, "என் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது, லிஃப்டைச் சரி செய்யுங்கள்" என்பது மாதிரியும் இருக்கிறது. அதனால் பெயர், போன், வீட்டு எண், நோய் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வரிசை எண்ணை மட்டும் போட்டு அனுப்பினேன். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் என் கம்ப்யூட்டரைத் தாண்டவில்லை. வேலை முடிந்ததும் அங்கே ஏற்றிய கோப்புகளை அழித்துவிட்டேன். ஏபிஐ சாவி என்பது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை. அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பவில்லை, அக்கா மகனுக்குக்கூட.

திருத்திய கணக்கில் பி பிளாக்தான் முதலிடம், சி பிளாக் மூன்றாவது. சி பிளாக்காரர்கள் என்மேல் கோபமாக இருக்கலாம், நியாயம்தான். வீட்டு வாரியான பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கான பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். விடுபட்டதோ தவறாகப் பிரித்ததோ இருந்தால் பென்சிலால் குறித்துவிட்டுப் போங்கள். பிளம்பரிடம் விலைப்புள்ளி கேட்கும் முன் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறேன். அந்த அம்மா ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார். ஏழும் இருக்கிறது. எட்டாவதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.