பாவு பிணைக்கும் வீட்டுக்குப் புத்தகம் வரட்டும்

கண்ணமங்கலத்தில் பட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே!

வீட்டுக்குப் போனதும் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் அதில் இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு இந்த நூலக வரி. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காகப் பல ஆண்டு ஓயாமல் வாதாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்.

ஆகவே ஊர் நூலகம் யாரும் போட்ட தர்மமல்ல. தறிக்குழியில் கால் வைத்துச் சம்பாதித்த காசும் அதில் இருக்கிறது. அந்தக் காசைக் கொடுத்தவர்களையே, "இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்? எல்லாரும் செல்போனைத்தான் நோண்டுகிறார்கள்" என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களே, இது என்ன நியாயம்?

யார் படிக்கவில்லை? 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு இன்றும் லட்சக்கணக்கில் போகிறவர்கள் யார்? திராவிட இயக்கம் வளர்ந்த நாளில் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகமாட்டார்; வாதாடுவார். டீ ஆறிப்போகும், வாதம் ஆறாது. அந்தப் பேச்சுதான் படிப்பகத்துக்கு ஆள் சேர்த்தது. அரசு நூலகமோ உள்ளே நுழைந்ததும் "அமைதி காக்கவும்" என்கிறது. படிக்கிற மேசையில் அமைதி வேண்டும், மறுப்பில்லை. படித்ததைப் பேச ஓர் இடமும் வேண்டாமா?

ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தன. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த என்பது முதல் விதி. மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரைச் சேரவேண்டும் என்பது. சேர்ப்பது யார்? நூலகர்தான். நாற்காலியை விட்டு அவர் எழுந்து வராமல் அந்த விதி நிறைவேறாது. அதே 1931-இல் மன்னார்குடியில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தார்ச்சாலை இல்லாத காலத்தில் இரண்டு மாடுகள் செய்த வேலையை, வேலூர் – திருவண்ணாமலை நெடுஞ்சாலை ஊடே ஓடுகிற ஊரில் ஒரு சைக்கிள் செய்ய முடியாதா?

"நெசவாளிக்கு நேரம் எங்கே?" என்பார்கள். ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் வேலை நேரத்தில் புத்தகம் வாசித்துக் காட்ட ஆள் வைத்தார்கள். கூலி கொடுத்தவர் முதலாளியல்ல, தொழிலாளிகளே. எந்த நாவல் என்று முடிவு செய்ததும் அவர்களே. கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளரும் அப்படித்தான்: ஒருவர் செய்தித்தாள் படிப்பார், அவருக்குரிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

தறி ஓடும்போது சத்தம் உண்டு, காதில் எதுவும் விழாது. ஆனால் பாவு பிணைக்கிற நாள் இருக்கிறதே! பழைய பாவின் இழை நுனியையும் புதிய பாவின் இழை நுனியையும் எடுத்து, விரலால் முறுக்கி, ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். நாடா அசையாது, தறி மௌனமாக நிற்கும். கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை; காது மட்டும் சும்மா இருக்கும். பக்கத்தில் தார் சுற்றும் பெண்ணின் காதும் அப்படியே. அந்த வீட்டில் ஒரு பிள்ளை கதை படித்தால் கேட்க மாட்டார்களா? பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் தார்க்கட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்குரிய புத்தகம் அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. நூலகம் திறந்திருக்கும் நேரத்தைத் தறி நிற்கும் நேரத்தோடு பொருத்துங்கள். வாசகர் வட்டம் ஆண்டு விழாவுக்கு மட்டும் கூடாமல் மாதந்தோறும் கூடட்டும். எழுத்தாளர் வராவிட்டாலும் போகட்டும், படித்த ஒருவர் படித்ததைச் சொல்லட்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நூலகத்தை நிறைப்பது மகிழ்ச்சிதான்; வாங்கும் புத்தகமெல்லாம் தேர்வுப் புத்தகமாகிவிட வேண்டாம். வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோக நூலக நண்பர்கள் என்று அரசே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும்.

கூட்டம் கலைவதற்குள் தெருவுக்கு இரண்டு பேர் பெயர் கொடுங்கள். அடுத்த பாவு எந்த வீட்டில் பிணைக்கிறார்களோ அங்கே முதல் வாசிப்பு. என்ன புத்தகம் என்பதை அந்த வீட்டில் தார் சுற்றும் அம்மா சொல்லட்டும்.