புதுவீட்டுச் சுவருக்குள் செல்லும் கம்பிகள்



நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1910இல் அமைந்தது பெங்களூரின் பிரேசர் டவுன். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1905இல்தான், பெங்களூர் நகரில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. ஆகவே சுவருக்குள் கம்பி ஓடும் என்று கருதி அக்காலத்து வீடுகள் கட்டப்படவில்லை. 1981 நவம்பரில் பெங்களூர்த் தூர்தர்ஷன் நிலையம் பிறந்தபின் மாடிதோறும் மீன்முள் போன்ற ஆன்டெனாக்கள் எழுந்தன. யாகி, உதா என்னும் ஜப்பானியர் இருவர் 1926இல் உலகுக்கு அறிவித்த அமைப்பு அது. பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது, இணையம் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் சன்னல் சட்டத்தில் ஒரு துளை விழுந்தது!

இன்று அங்கே பழைய பங்களாக்கள் பல மறைந்து புதிய வீடுகள் எழுகின்றன. அவ்வாறு வீடு கட்டும் தமிழ்க் குடும்பத்தார் கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் பேசவேண்டிய நேரம், சுவர்ப்பூச்சுக்கு முந்தைய சில நாட்களே. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது சிறு காரியமன்று. முதிய தாயார் தம் அறையில் தமிழ்ச் செய்தி கேட்க வேண்டும். அதே வேளையில் மகன் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டும். பேத்தி பாடம் படிக்க வேண்டும்.

வீட்டின் நடுவே காற்றோட்டமுள்ள ஓரிடத்தை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே மின்இணைப்பும் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறையிலிருந்தும் தனித்தனிக் குழாய் அவ்விடத்திற்கு வரட்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடராகக் கம்பி இழுப்பது செலவைக் குறைப்பதுபோல் தோன்றும். ஆனால் இடையில் ஓரிடம் பழுதானால் அதற்கு அப்பாலுள்ள அறைகள் யாவும் ஊமையாகிவிடும். மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாயும், தெருப்பக்கத்திலிருந்து இணையக் கண்ணாடி இழைக்கு மற்றொன்றும் வரவேண்டும். இவ்விழை கூர்மையான மடிப்பைத் தாங்காது. எனவே குழாயின் வளைவுகள் அகலமாக இருத்தல் நலம்.

குழாய்தான் முக்கியம், கம்பி அன்று. கம்பியின் வகை பத்தாண்டில் மாறிவிடும். ஆகவே சற்றுப் பெரிய குழாயைப் பதித்து, உள்ளே ஓர் இழுகயிற்றையும் விட்டுவைத்தால், பின்னாளில் சுவரை இடிக்காமலே கம்பியை மாற்றலாம். இப்போதைக்குத் தொலைக்காட்சிக்கு 75 ஓம் கோஆக்சியல் கம்பியும், இணையத்துக்குக் கேட்-6 கம்பியும் போதும். வைஃபை இருக்கக் கம்பி எதற்கு என்பார் உளர். கான்கிரீட் சுவர்கள் இரண்டைக் கடந்தபின் அந்த அலை எவ்வளவு மெலிகிறது என்பதைக் கடைசி அறையில் குடியிருப்பவரைக் கேட்டால் தெரியும்.

டிஷ் ஒன்றில் இரண்டு தொலைக்காட்சிகள் வெவ்வேறு அலைவரிசைகளைக் காட்ட வேண்டுமானால், இரு வெளிவாய்கள் கொண்ட எல்.என்.பி. கருவியும், பெட்டிக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளும் தேவை. இலவச தூர்தர்ஷன் சேவைக்குரிய செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. பெங்களூரில் அதற்கான டிஷ் தென்கிழக்கு நோக்கி நன்றாக நிமிர்ந்து பார்க்கும். அத்திசையில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மறைத்தால் படம் தடுமாறும். மரத்தை வெட்ட வேண்டா, டிஷ்ஷை நகர்த்துங்கள்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 230 வோல்ட் மின்கம்பி செல்லும் குழாயில் இக்கம்பிகளை ஒருபோதும் சேர்க்கலாகாது. மின்கம்பியின் உறை தேய்ந்தால் தொலைக்காட்சிக் கம்பியைத் தொட்டவர்க்கு உயிராபத்து நேரும். இரு குழாய்களும் ஓரடி தள்ளிச் செல்லட்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களின் இடிமழை பெங்களூருக்குப் புதிதன்று. மாடியில் நிற்கும் டிஷ் கம்பத்தைத் தடித்த செப்புக்கம்பியால் வீட்டின் எர்த்துடன் இணைக்கச் சொல்லுங்கள். அப்படி இணைத்தாலும் இடி நெருங்கும்போது பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.

பூச்சு வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஆணி அடிக்கும் நாளில் அப்படம் உதவும்.