குச்சியின் மறுமுனை



பார்வையில்லாமல் பாய்மரப் படகு ஓட்டக் கற்ற தன்னம்பிக்கைக் கதையைப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். படகைப் பற்றிப் பேசுகிறேன். தன்னம்பிக்கை பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

முதலில் ஒரு குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். இரக்கமுள்ளவர் என்று ஊரே சொல்லும். மழை பெய்து வழி சேறானால் என்னை வகுப்பிலிருந்து கேட்டுவரை அவரே கூட்டிவருவார். குச்சியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையை அவர் பிடித்துக்கொள்வார். பார்வையற்றவர்களை அழைத்துப்போகும் முறையே அதுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஊர்த்தெருவிலிருந்து பார்வை மங்கிய இன்னொரு பையன் வந்து சேர்ந்தான். வாத்தியார் அவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போகிறார் என்று அவனே சொன்னான். எனக்கு அப்போது பத்து வயது.

கண் தெரியாததற்கும் சேரியில் பிறந்ததற்கும் ஊரில் ஒரே விளக்கம்தான்: போன பிறவிக் கணக்கு.

பிறகு உதவித்தொகையில் இங்கிலாந்துக்கு முதுகலை படிக்கப் போனேன். அங்கே ஒரு ஏரியில் சனிக்கிழமைதோறும் பார்வையற்றவர்களுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி தந்த அம்மையார் முதலில் கேட்டது இதுதான்: "உங்கள் கைமேல் என் கையை வைக்கலாமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து மெதுவாக மறுபடி கேட்டார்.

காற்றை முகத்தால் படிக்க வேண்டும். தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் இரண்டு காதிலும் காற்று ஒரே அளவில் இரையும் இடம் வரும். காற்று வரும் திசை அதுதான். சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது மண்டையில் ஏற எனக்கு மூன்று வாரம் ஆனது. படகு காற்றுக்கு நேராகப் போய்விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். சரியாக அமைந்தால் அந்தச் சத்தம் அடங்கி, அடியில் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். கயிறு கையில் விறைக்கும், உட்கார்ந்த பலகை ஒருபக்கம் சாயும். இதில் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. எதிரே வரும் படகைக் காற்று சொல்லாது.

நான்காம் வாரம் "கையை எடுக்கிறேன்" என்றார். எடுத்ததும் தப்பாகத் திருப்பினேன். பாயின் அடியிலுள்ள குறுக்குக்கட்டை தலைக்கு மேலே விசுக்கென்று போனது. குனிந்து தப்பினேன். அவர் சுக்கானைப் பிடுங்கவில்லை. "பாய் எந்தப் பக்கம் இருக்கிறது, கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பார்வையற்றோர் படகுப் போட்டியில் நால்வர் குழு போகும். இருவர் பார்வையற்றவர்கள், சுக்கானும் பெரிய பாயின் கயிறும் அவர்கள் பொறுப்பு. பார்வையுள்ளவர் வழி சொல்லலாம், சுக்கானைத் தொடக்கூடாது. என் வாழ்க்கையில் நான் ஒப்புக்கொண்ட ஒரே 'தொடாதே' அதுதான்.

ஜப்பானியரான மிட்சுஹிரோ இவாமோட்டோ 16 வயதில் பார்வையை இழந்தவர். 2013இல் பசிபிக்கைக் கடக்கக் கிளம்பியபோது திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. 2019 பிப்ரவரியில் சான் டியாகோவிலிருந்து மறுபடி கிளம்பி, எங்கும் நிற்காமல் ஏப்ரலில் ஃபுகுஷிமா போய்ச் சேர்ந்தார். மன உறுதி என்றார்கள். இருக்கட்டும். பார்வையுள்ள டக் ஸ்மித்தும் கூட இருந்தார். இருவர் சேர்ந்து ஓட்டிய படகு அது.

பணக்கார விளையாட்டுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். அந்த ஏரியில் என் நிறத்தில் வேறு ஆள் இல்லை. 2000 முதல் பாராலிம்பிக்கில் பதக்கத்துடன் இருந்த பாய்மரப் படகுப் போட்டியும் 2016க்குப் பிறகு நீக்கப்பட்டுவிட்டது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெளியே நான்கு படி இருக்கிறதாம். இறங்கும்போது யாராவது ஒருவர் வாருங்கள். என்னைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்.