கதவு திறந்திருக்கட்டும்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக மல்லாவியில் நடைபெற்ற வன்னிப் பகுதிப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா என்றால் சாதனையாளர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானும் ஒரு சாதனையாளரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் அவருடைய சாதனையோடு நிறுத்தாமல், அவர் விழுந்த இடத்தையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் நடிகையர் திலகம் சாவித்திரி.

இங்கே நரைத்த தலையோடு இருக்கும் எங்களில் பலருக்கு அவர் வீட்டு மனிதர் போல. 1955இல் மிஸ்ஸியம்மா, 1957இல் மாயாபஜார், 1961இல் பாசமலர். பாசமலர் பார்த்து அழாத அண்ணன் தங்கை எங்கள் ஊர்களில் இருந்திருக்க முடியாது. இலங்கை வானொலியில் அந்தப் படப் பாட்டுப் போனால் அடுப்படியில் வேலை நின்றுவிடும். நடிப்போடு அவர் நிற்கவில்லை. 1968இல் தெலுங்கில் ஒரு படத்தை இயக்கினார். இசை உட்படப் பல பொறுப்புகளைப் பெண்களிடமே கொடுத்தார். அதே கதையைக் குழந்தை உள்ளம் என்ற பெயரில் தமிழிலும் எடுத்தார். ஒரு பெண் இயக்குநர் நாற்காலியில் உட்காருவதே அதிசயமாக இருந்த காலம் அது.

பிறகு வந்த ஆண்டுகளை நீங்கள் அறிவீர்கள். இல்வாழ்க்கை முறிந்தது. 1971இல் அவர் சிவாஜி கணேசனை வைத்துத் தயாரித்து இயக்கிய பிராப்தம் ஓடவில்லை. கடன் ஏறியது, சொத்துக் கரைந்தது. குடி பழக்கமாகி, பழக்கம் நோயானது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டன. 1980ஆம் ஆண்டில் நினைவிழந்தவர் ஏறத்தாழ 19 மாதங்கள் அப்படியே கிடந்து, 1981 டிசெம்பர் 26ஆம் திகதி காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். 1953இல் வெளிவந்த தேவதாஸ் படத்தில் சாவித்திரிதான் பார்வதி. குடித்துக் குடித்து அழிந்துபோகும் காதலனாக நாகேஸ்வரராவ் நடித்தார். அந்தக் குடிகாரனுக்காக ஊரே அழுதது. இன்றும் தாடி வளர்த்துச் சோகமாகத் திரியும் இளைஞனை ‘தேவதாஸ்’ என்று செல்லமாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதே பார்வதி நிஜ வாழ்க்கையில் குடித்தபோது எத்தனை பேர் அழுதார்கள்? ஆண் குடித்தால் அவனுக்கு என்ன கவலையோ என்கிறோம். பெண் குடித்தால் அவள் எப்படிப்பட்டவளோ என்கிறோம். 2018இல் அவருடைய வாழ்க்கை படமாக வந்து, அதில் நடித்த கீர்த்தி சுரேசுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அப்போது நாங்கள் எல்லோரும் கண்கலங்கினோம். முப்பத்தேழு ஆண்டுகள் பிந்திய கண்ணீர் அது.

போதை ஒரு நோய் என்று மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. தொடர்ந்து பாவிக்கும்போது மூளை அதற்கேற்ப மாறிவிடுகிறது. பிறகு சுகத்துக்காக அல்ல, நடுக்கமும் பதற்றமும் வராமல் இருப்பதற்காகவே குடிக்க வேண்டியிருக்கிறது. பெண்ணுடம்பில் நீரின் விகிதம் குறைவு. ஆகவே ஒரே நிறையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் அது கூடுதலாகச் செறிந்து நிற்கும். ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு விரைவாக வரும். இத்தனைக்கும் மேலாக, பெண் அதை ஒளிக்கிறாள். ஒளிப்பதனால் வைத்தியரிடம் பிந்திப் போகிறாள், அல்லது போகாமலே விடுகிறாள்.

புலம்பெயர்ந்த அக்காமார் அறிந்திருக்கக்கூடிய இன்னொரு நடிகையைச் சொல்கிறேன். மெக்கென்சி பிலிப்ஸ் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. 1975இல் தொடங்கிய ஒரு தொடரில், கணவனைப் பிரிந்து இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாயின் மூத்த மகளாக நடித்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. பணமும் புகழும் வந்தன, கூடவே கொக்கேயினும் வந்தது. 1980இல் தொடரிலிருந்து நீக்கினார்கள். சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மறுபடி விழுந்தார், 1983இல் மறுபடி நீக்கப்பட்டார். அதற்குப் பின்னும் பல தடவை விழுந்து, 2008இல் விமான நிலையத்தில் போதைப்பொருளுடன் பிடிபட்டார். இதோடு முடிந்தது என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள். அவர் முடியவில்லை. பயிற்சி பெற்று, போதையிலிருந்து மீள்பவர்களுக்கு ஆலோசகராகப் பணிக்குப் போனார். 2017இல் அந்தத் தொடரைப் புதிதாக எடுத்தபோது அதில் ஆலோசகர் வேடமே அவருக்குக் கிடைத்தது. தொடரின் பெயர் ‘வண் டே அட் எ டைம்’. ஒரு நேரத்தில் ஒரு நாளைப் பார்ப்போம் என்பது கருத்து. குடியிலிருந்து மீள்வோர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வாசகமும் அதுதான்.

இந்த இருவரில் யாருக்கு மனவுறுதி கூட என்று நான் ஒப்பிட வரவில்லை. ஒருவருக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டுவதற்குக் கதவுகள் இருந்தன. அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோர்ட், தான் மதுவுக்கும் மாத்திரைக்கும் அடிமையானதை 1978இல் வெளிப்படையாகச் சொன்னார். 1982இல் அவர் பெயரில் சிகிச்சை நிலையமும் திறந்தது. அந்த நாட்டுப் பெண்கள் வாய் திறக்க அது வழி செய்தது. சாவித்திரி வாழ்ந்த சென்னையிலோ, குடியை நோயாக எடுத்து வைத்தியம் செய்யும் தனி நிலையம் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன் என்ற இளம் விதவை. குடிநோயால் கணவனை இழந்தவர். அழுதுகொண்டு வீட்டுக்குள் இருந்துவிடாமல், அமெரிக்கா சென்று அந்த வைத்தியமுறையைக் கற்று வந்து, கணவரின் பெயரிலேயே ரி.ரி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். ஆண்டு 1980. சாவித்திரி நினைவிழந்த அதே ஆண்டு.

இதையெல்லாம் மல்லாவியில் நின்று ஏன் சொல்கிறேன்? வவுனிக்குளத்து வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவித்த மண் இது. இடப்பெயர்வுக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களை வாரி அணைத்த ஊர் இது. 2009க்குப் பிறகு தறப்பாள் கொட்டிலிலிருந்து மறுபடி வாழ்க்கையைத் தொடங்கிய பெண்கள் எங்களைச் சுற்றி இருக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்தவள், பிள்ளையைத் தேடுகிறவள், கடன் கட்ட முடியாதவள் என்று எத்தனை பேர். நித்திரை வராத இரவுகளுக்குக் குளிசை தேடுகிறவள் இருக்கிறாள். கசிப்பின் மணத்தை வெற்றிலையால் மறைக்கிறவளும் இருக்கிறாள். இப்போது ‘ஐஸ்’ என்ற பெயர் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. மாங்குளம் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தெரிந்தவர்களாக இருக்கும் இந்த இடத்தில், ஒரு பெண் எப்படித் துணிந்து போய் மனநலக் கிளினிக் வரிசையில் நிற்பாள்?

அதனால் எங்கள் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எங்கள் பெயர்ப் பட்டியலைப் பற்றியது. பத்து வருடமாக ஒன்றுகூடலுக்கு வராத வகுப்புத் தோழி ஒவ்வொருவருக்கும் இருப்பாள். ‘அவள் இப்போது சரியில்லையாம்’ என்று சொல்லி விட்டுவிடுவோம். அப்படி விட்டவளுக்கு ஒருத்தி தொலைபேசி எடுங்கள். புத்திமதி வேண்டாம். ‘எப்படியடி இருக்கிறாய்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

இரண்டாவது, வழியைத் தெரிந்து வைத்திருங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. ஒன்றை மறக்க வேண்டாம். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். வைத்தியரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கூடப் போவதற்கு ஒரு தோழி இருந்தால் கிளினிக் வரிசையின் வெட்கம் பாதியாகிவிடும்.

மூன்றாவது, கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு. மண்டபத்துக்கும் மதிலுக்கும் நீங்கள் அள்ளித் தந்திருக்கிறீர்கள், நன்றி. இந்த நூற்றாண்டு ஆண்டில் சிறிய நிதியொன்றை இதற்கென ஒதுக்குவோம். சிகிச்சைக்குப் போகும் தாயின் பிள்ளைகளை அந்த நாட்களில் பார்த்துக்கொள்ளவும், அவள் திரும்பி வந்தபின் ஒரு தையல் மெசினோ நாலு கோழியோ வாங்கிக் கொடுக்கவும் அது உதவட்டும். பெயர் வெளியே வரவேண்டியதில்லை. அவள் மறுபடி விழுந்தாலும் நிதியை நிறுத்தாதீர்கள். விழுவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான்.

எங்கள் கல்லூரி வாசலில் நுழைந்தபோது எங்களில் யார் வைத்தியராவோம், யார் அதிபராவோம், யார் தடுக்கி விழுவோம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதான், ஒரே வாங்குதான். சங்கம் என்பது வென்றவர்கள் கூடிப் படம் எடுக்கும் இடமாக மட்டும் இருந்தால் நூறு வருடம் போதும். விழுந்தவளும் தயங்காமல் தட்டக்கூடிய கதவாக இருந்தால், இன்னும் ஒரு நூறு வருடத்துக்கு அதற்கு வேலை இருக்கும்.