கடன் தீர்த்துப் பாகம் பிரித்தல்

 

இந்த உரையை நடத்தும் அறக்கட்டளை யாருடைய ஞாபகமாக நிற்கிறதோ அந்தப் பெரியவர் கிராமச் சபைக் காலத்து எழுதுவினைஞர். சோலைவரிப் பற்றுச்சீட்டு எழுதியே கை காய்த்தவர். அவருடைய பிள்ளைகள் என்னிடம், "இந்தியாவின் பெரிய நகரங்கள் எப்படி ஆளப்படுகின்றன என்று பேசுங்கள்" என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். குளத்து மீனும் வயலும் உள்ள நமது இறக்காமத்தில் மும்பாயைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது? ஆனால் கரையோரத்தைப் பாருங்கள். மருதமுனையில் தொடங்கி அக்கரைப்பற்று வரை ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி தெரிவது அருமையாகிவிட்டது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய மணல் திடல். அந்தத் திடல் நிரம்பினால் சனம் எங்கே வரும்? பின்னால்தான் வரும். பின்னால் இருப்பவர்கள் நாங்கள். அந்த அவசரத்தில்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

சென்னையில் இருந்து தொடங்குகிறேன். 1688 செப்டெம்பர் 29 அன்று அங்கே மாநகராட்சி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பனிக்கு மதராஸ் சனங்களின் மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. கோட்டைச் செலவுக்கு வரி வேண்டும். வெள்ளைக்காரன் கேட்டால் கொடுக்காத வரியை, தங்களில் ஒருவர் சபையில் இருந்து கேட்டால் சனம் கொடுக்கும் என்பது லண்டனில் இருந்த கம்பனித் தலைவர் ஜோசையா சைல்ட் போட்ட கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்குத்தான். நகர சபை என்ற ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் அதுவே: வரி கொடுப்பவன் கேள்வி கேட்பான், கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்தப் பழைய சபைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். தினக்கூலிப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பேரை எழுதிச் சம்பளம் எடுத்தார்கள் என்ற 'மஸ்டர் ரோல்' ஊழலை அடுத்து 1973 இல் சபை கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 இல். இருபத்து மூன்று வருடம்! பொய்ப் பட்டியல் எழுதியவனைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பத் தேர்தல் இருக்கிறது. சபையையே வீட்டுக்கு அனுப்பினால் தண்டனை வாக்காளருக்குத்தான். 2016 ஒக்டோபரில் சபையின் காலம் மறுபடி முடிந்தது. 2022 பெப்ரவரி வரை தேர்தல் இல்லை. இத்தனைக்கும் இந்தியாவின் 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து வருடம் முடியும் முன்னே தேர்தல் நடத்த வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நகர சபைகளிடம் ஒப்படைக்கத் தக்க பதினெட்டு விடயங்களை அட்டவணை போட்டும் வைத்திருக்கிறது. ஒப்படைப்பது மாநில அரசின் விருப்பம். விருப்பம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெங்களூரின் சபை 2020 செப்டெம்பரில் கலைந்தது. பிறகு சபைக்குத் தேர்தல் நடத்துவதற்குப் பதில் 2025 செப்டெம்பரில் நகரத்தையே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஒரு அதிகார சபையை மேலே வைத்தார்கள். மும்பாயின் கதை இன்னும் ருசியானது. அங்கே 2022 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. மாநகராட்சி ஆணையாளரே நிர்வாகியானார். 2025-26 க்கான வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி இந்திய ரூபா. நமது நாட்டில் எந்த உள்ளூராட்சி மன்றமும் கனவில் காணாத தொகை. அதைத் தயாரித்த அலுவலகமும், சரி பார்த்து ஒப்புதல் கொடுத்த அலுவலகமும் ஒன்றே. கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒரு உறுப்பினர்கூட அப்போது அந்த மண்டபத்தில் இருக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தை நமது பிரதேச சபை உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை மேயருக்கு அங்கி உண்டு, முன்னால் செங்கோல் வரும், ரிப்பன் மாளிகையில் பெரிய அறை உண்டு. ஆனால் நிறைவேற்று அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையாளரிடம். மும்பாயிலும் 1888 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். கல்கத்தா 1980 இல் தனிச் சட்டம் செய்து மேயரும் அவரது குழுவும் ஆளும்படி வைத்தது. அது ஒரு விதிவிலக்கு. நமது 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமோ, மேயரைத்தான் பிரதான நிறைவேற்று அதிகாரி என்கிறது. ஆணையாளர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். அதாவது, மும்பாய் மேயருக்கு இல்லாத அதிகாரம் சட்டப் புத்தகத்தில் பக்கத்துக் கல்முனை மேயருக்கு இருக்கிறது.

அந்த அதிகாரத்தில் உட்கார ஆள் இல்லை என்பதுதான் வேதனை. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பணம் இல்லை என்று அரசு கைவிரித்தது. அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. செயலாளர்களும் ஆணையாளர்களும் இரண்டு வருடம் நடத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தச் சேவையில் தலை நரைத்தவன். ஆனால் வட்டார உறுப்பினர் என்றால், சுபஹ் தொழுதுவிட்டு இறங்கும்போது பள்ளிவாசல் படியில் மறித்து, "தம்பி, நம்மட ஒழுங்கைக்குள்ள கான் அடைச்சுக் கிடக்கு, வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். ஆணையாளரை எந்தப் படியில் மறிப்பது? 2025 மே 6 இல் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது, இறக்காமமும் வாக்களித்தது. கல்முனை அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எல்லைப் பிரச்சினையும் அதன் வழக்கும்.

இளையவர்களுக்காக அந்த எல்லைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அங்கே நான்கு சபைகள் இருந்தன: கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என்ற கிராமச் சபைகள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தோடு நான்கும் ஒன்றாயின. அந்த ஒன்று வளர்ந்து மாநகர சபை ஆயிற்று. கரைவாகு தெற்கான சாய்ந்தமருது, தன் பழைய சபையைத் திருப்பிக் கேட்டது. பெரிய பள்ளிவாசலே முன்னின்று நடத்திய போராட்டம் அது. 2018 தேர்தலில் தேசியக் கட்சிகளை ஒதுக்கிவிட்டு, தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்குச் சாய்ந்தமருது வாக்கை அள்ளிப் போட்டது. 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானி வந்தது. கொண்டாட்டம் அடங்குமுன் அதே மாதத்தில் அது இல்லாமல் ஆக்கப்பட்டது. சாய்ந்தமருதைப் பிரித்தால் எஞ்சும் கல்முனையில் தங்கள் நிலை என்னவாகும் என்ற அச்சம் மற்ற ஊர் முஸ்லிம்களுக்கு. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழ்ச் சகோதரர்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. உள்ளூராட்சி மன்றம் மக்களின் கை. இரண்டும் வேறு வேறு. ஆனால் மேடைகளில் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள். இப்போது எதற்காக யார் கோபப்படுகிறார் என்பதே விளங்குவதில்லை.

பாகப் பிரிவினை பற்றி உலமாக்கள் இருக்கும் இந்த அவைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் மௌத்தானால் முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத்து. இவை போக மிஞ்சினதுதான் வாரிசுகளின் பங்கு. கல்முனை விவகாரத்தில் நாற்பது வருடமாகப் பங்கைப் பற்றித்தான் பேச்சு. கடனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸாரின் கடை வாடகையும் வியாபார உரிமக் கட்டணமும் எந்தச் சபைக்குப் போகும்? வரி நிலுவையை யார் அறவிடுவது? இருக்கிற குப்பை வண்டிகளில் எத்தனை யாருக்கு? ஊழியர்களில் யார் எங்கே? எல்லாவற்றையும் விட, குப்பையை எங்கே கொட்டுவது?

டெல்லியில் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பாகம் பிரித்தார்கள். 2012 இல் ஒரே மாநகராட்சியை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாக்கினார்கள். வசதியான குடியிருப்புகளும் அவற்றின் வரியும் தெற்கோடு போயின. ஏழைச் சனம் நெருக்கிய கிழக்குக்குச் செலவு மட்டும் மிஞ்சியது. துப்புரவுத் தொழிலாளருக்கு மாதக் கணக்கில் சம்பளம் தாமதமாயிற்று. அவர்கள் வேலை நிறுத்தம் செய்து குப்பையைக் கொண்டுவந்து நடு வீதியில் கொட்டினார்கள். பத்து வருடம் இழுபட்டு, 2022 மே மாதம் மூன்றையும் திரும்ப ஒன்றாக்கினார்கள். பிரித்தபோது ஒன்று மட்டும் சரிசமமாகப் பங்காயிருந்தது: ஆளுக்கொரு குப்பை மலை. வடக்குக்குப் பல்ஸ்வா, தெற்குக்கு ஓக்லா, கிழக்குக்குக் காசிப்பூர். காசிப்பூர் மலையில் ஒரு பகுதி 2017 செப்டெம்பரில் சரிந்து இருவர் இறந்தார்கள்.

அதே வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், நமது மீதொட்டமுல்லை சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அது கொழும்பு மாநகர சபையின் குப்பை, விழுந்தது கொலன்னாவையில். அந்த மலையடியில் குடியிருந்தவர்களுக்குக் கொழும்பு மேயரைத் தெரிவுசெய்யும் வாக்கு இல்லை. சென்னையின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிப் பக்கம் பல காலம் கொட்டப்பட்டபோது பெருங்குடி வேறொரு பேரூராட்சி. 2011 இல் சென்னை 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆகப் பெருத்தபோதுதான் பெருங்குடிக்காரர் சென்னை வாக்காளர் ஆனார்கள். ஐந்து வருடத்தில் அந்தச் சபையே காணாமல் போயிற்று என்பதை முன்னமே சொன்னேன்.

இனி நமது வாசலுக்கு வருவோம். ஒலுவிலுக்குப் பின்னால், அஷ்ரப் நகர்ப் பக்கம் பள்ளக்காடு. கரையோரத்தில் நிலம் இல்லை, ஆகவே ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போகிறது. குப்பைமேட்டைச் சுற்றியிருந்த மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதானது, திருத்தவில்லை. யானைகள் உள்ளே வந்தன. ஷொப்பிங் பேக்கும் லஞ்ச் சீற்றும் கறிச்சாற்றின் வாசத்தோடு கிடந்தால் யானை அதை உரித்தா தின்னும்? பையோடு விழுங்கியது. 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் படம் வந்தபோது, அதற்கு முந்திய எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் அங்கே செத்திருந்தன. சாப்பாட்டுக்குக் குப்பைமேட்டை நம்பப் பழகிய யானை, அங்கே கிடைக்காத அன்று வயலுக்கும் வீட்டு மதிலுக்கும் வரும். அந்த இரவு யாருடைய இரவு என்பது உள்பக்க ஊர்க்காரருக்குத் தெரியும்.

வேலியைத் திருத்துவது யார் பொறுப்பு? குப்பை அனுப்பும் சபை, "இடம் எங்களுடையது அல்ல" என்னும். இடத்துக்குரிய சபை, "குப்பை எங்களுடையது அல்ல" என்னும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு யானை மட்டும்தான் கணக்கு. ஒன்பது ஊரும் உட்கார்ந்து, தொன் கணக்குப்படி இவ்வளவு உங்கள் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்திருந்தால், ஒரு வேலிக்கு இத்தனை வருடம் பிடித்திருக்காது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கிடைக்கட்டும். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தமிழ்ச் சகோதரர்களின் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. நான்கு சபை என்றாலும் எனக்குச் சம்மதம். அந்த நான்கும் பள்ளக்காட்டுக் கடனில் தங்கள் பங்கை எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு வர்த்தமானி வரட்டும் என்பதுதான் என் நிலை.

நகர அபிவிருத்தி என்று இந்தப் பக்கம் செய்யப்பட்டதும் கணக்கில் வராத சங்கதிதான். 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பு நமது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். கடலோரத்தில் 200 மீற்றர் வரை கட்டக் கூடாது என்றார்கள். மாற்று நிலம் எங்கே என்று சொல்லவில்லை. நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடு கட்டிக் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை நீதிமன்றம் போய், வீடுகளுக்குள் பற்றை முளைத்தது. கல்முனைச் சனமோ கரைவாகு வயலைக் கிறவல் போட்டு நிரப்பி வீடு கட்டியது. மாரிமழைத் தண்ணீர் முன்பு தங்கிய இடத்தில் இப்போது குசினி இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பிலிருந்து வரைபடம் வரையும், வீதி அபிவிருத்தி அதிகார சபை தார் போடும், மூன்றாம் மாதம் நீர் வழங்கல் சபை குழாய்க்கு அதைக் கிண்டும். ஏச்சு விழுவது மாத்திரம் உள்ளூராட்சி மன்றத்துக்கு.

இறக்காமத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் எந்தச் சபையிடமும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் சபை நாளொன்றுக்கு எத்தனை தொன் குப்பை சேர்க்கிறது, அது எங்கே போகிறது, அந்த இடத்தின் பராமரிப்புக்குக் கடந்த ஐந்து வருடத்தில் என்ன செலவு செய்தது, எந்தச் சபையோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு என்று இறக்காமத்திலும், சம்மாந்துறையிலும், அட்டாளைச்சேனையிலும், நிந்தவூரிலும், காரைதீவிலும், கல்முனையிலும் ஒரே நாளில் ஒரே கேள்வியைக் கொடுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்ணப்ப மாதிரிகளை வாசலில் உள்ள மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்முனைக்கு எழுதுகிறவர்கள் மேயருக்கு என்று போடாமல் தகவல் அலுவலருக்கு என்று முகவரி போடுங்கள்.